குட்டி நொண்டினால், டானிக் பாட்டிலைத் திறக்கும் முன்

இருபத்தாறு வருடம் கால்நடை நோய்க்கூறு ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தேன். செத்த மாடு, ஆடு, நாய், கோழி எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்துதான் போகும். இப்போது அரியாங்குப்பத்தில் எட்டு நாட்டுக்கோழியும் ஒரு நாயும்தான் எனக்கு வேலை. தெருவில் யார் வீட்டு நாய்க்குட்டி நொண்டினாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கூடவே கையில் கால்சியம் பாட்டில் ஒன்றும் இருக்கும். அதைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்வேன்.

முதலில் கையால் தடவிப் பாருங்கள். முன்னங்காலின் மணிக்கட்டு, முட்டிக்கு மேல் இன்னொரு முட்டி வைத்ததுபோல் புடைத்திருக்கிறதா? விலா எலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் இடத்தில் விரலை ஓட்டினால், மணி கோத்த மாதிரி வரிசையாகத் தட்டுப்படுகிறதா? பெரிய சாதிக் குட்டிகளுக்கு மணிக்கட்டு சற்றுத் தடித்திருப்பது இயல்புதான். அதோடு கால் வளைவு, தொட்டால் முனகல், எழுந்திருக்கச் சோம்பல் என்று சேர்ந்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இப்படிச் செத்த ஒரு குட்டியின் கால் எலும்பை நீளவாக்கில் அறுத்தது இன்னும் நினைவிருக்கிறது. எலும்பு வளரும் குருத்தெலும்புத் தட்டு நல்ல குட்டியில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். இதில் அது தடித்து, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது. கத்தி முள்ளங்கியில் இறங்குவதுபோல் இறங்கியது. வைட்டமின் டி இல்லாவிட்டால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. குருத்தெலும்பு வளர்ந்துகொண்டே போகும், ஆனால் எலும்பாக இறுகாது. அதுதான் ரிக்கெட்ஸ்.

கோழியில் பார்ப்பது இன்னும் எளிது. அலகைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் ரப்பர்போல் வளையும். நெஞ்செலும்பு கோணிக்கொள்ளும். முட்டைக்கோழி தோல்முட்டையாக இடும். கோழியை வெயிலில் விடுங்கள், தோலிலேயே வைட்டமின் டி3 உண்டாகும். இறகில்லாத கால் தோலுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் கண்ணாடிக்குள் வரும் வெயில் உதவாது. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் கணக்கு. பக்கத்தில் ஒதுங்க நிழலும் வேண்டும், நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம்.

நாய்க்கு இந்த வெயில் வைத்தியம் பலிக்காது. நாயும் பூனையும் தோலில் போதுமான டி தயாரிப்பதில்லை. 1919இல் மெல்லன்பி என்ற ஆங்கிலேயர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் அடைத்துக் கஞ்சிபோல ஏதோ கொடுத்து ரிக்கெட்ஸ் வரவழைத்து, மீன் எண்ணெயால் குணப்படுத்தினார். சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். தயிர்சாதமும் பிஸ்கட்டும் மட்டும் போதாது, எலும்பில்லாத வெறும் கறியில் கால்சியம் மிகக் குறைவு. வேகவைத்த மத்தியும் மஞ்சள் கருவும் அளவாகச் சேருங்கள். நல்ல குட்டித் தீவனம் தின்னும் குட்டிக்கு டானிக்கே வேண்டாம்.

இனி முக்கியமான சங்கதி. ஒருவர் ஒன்றரை மாத லாப்ரடார் குட்டிக்கு, தன் அம்மாவுக்கு வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைப் பாலில் கலந்து தினமும் கொடுத்தார். குட்டி 3 கிலோ. கிலோவுக்கு 20,000 யூனிட்! நாய்க்குக் கிலோவுக்கு 4,000 யூனிட்டிலேயே வாந்தி முதலான தொந்தரவு தொடங்கலாம். நாலாம் நாள் குட்டி சாப்பாட்டைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்து மூத்திரம் போனது, பிறகு வாந்தி. ஒன்பதாம் நாள் எங்கள் மேஜைக்கு வந்தது.

சிறுநீரகத்தை அறுத்தேன். கத்தி நறநறவென்றது, மணல் கலந்த சோற்றைக் கடிப்பதுபோல. ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறிவிட்டால் எலும்பில் படிய வேண்டியது சிறுநீரகம், இரைப்பைச் சுவர், நுரையீரல், பெரிய ரத்தக்குழாய் என்று கண்ட இடத்தில் படியும். சுண்ணாம்பு படிந்த இடத்தைக் கறுப்பாகக் காட்டும் வான் கோஸா சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கரிக்கோடு இழுத்ததுபோல் கறுப்பாகத் தெரிந்தது. ரிக்கெட்ஸ் குட்டியைப் பெரும்பாலும் தேற்றிவிடலாம். இப்படிச் சுண்ணாம்பேறிய சிறுநீரகத்தைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம்.

அதனால் லேபிளைப் படியுங்கள். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். டானிக், தீவனம், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாவற்றிலும் உள்ளதைக் கூட்டி, குட்டியின் எடையால் வகுத்துப் பாருங்கள். கணக்கு வரவில்லையா, டாக்டரைக் கேளுங்கள்.

அதிகம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் பால் கொடுக்காதீர்கள். விஷத்துக்குப் பால் என்ற பழக்கம் இங்கே தீமை செய்யும், அதிலும் கால்சியம்தான். பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். முதல் சில மணி நேரத்தில் போனால் வாந்தியெடுக்க வைக்கலாம், பிறகு டிரிப். டி கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்வதால், குட்டி தேறியதுபோல் தெரிந்தாலும் சில வாரங்களுக்கு டாக்டர் சொன்ன நாளிலெல்லாம் ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும்.

வீட்டில் யாராவது சொரியாசிஸுக்குக் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகைக் களிம்பு போட்டால், அந்த இடத்தை நாய் நக்க விடாதீர்கள். அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.