பழைய ஹிமாலயன் 411 வாங்கி மாற்றியமைப்போர் செய்யும் தவறுகள்

செகண்ட் ஹேண்ட் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "அறுபதாயிரத்துக்கு ஆக்சஸரி போட்டிருக்கு." அந்த வரியை வைத்து விலை பேசுவதுதான் முதல் தவறு. பெட்டியும் கேரியரும் மாட்டிய வண்டி என்றால் கனம் ஏற்றி ஓடிய வண்டி என்று பொருள். பின் சக்கர ஸ்போக், ஷாக், கோன் செட் (ஹேண்டில்பார் கழுத்து பேரிங்) எல்லாம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. முதலில் வெறும் வண்டிக்கு விலை பேசுங்கள். மாட்டியிருப்பவற்றில் உங்களுக்கு எது வேண்டுமோ அதற்கு மட்டும் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

எந்த வருட வண்டி என்பதும் முக்கியம். ராயல் என்ஃபீல்டு இதை 2016-இல் கார்புரேட்டரோடு அறிமுகப்படுத்தியது. 2017-இல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், 2018-இல் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., 2020-இல் பி.எஸ்.6 புகை விதிக்கு ஏற்ற இன்ஜினும் பின் சக்கர ஏ.பி.எஸ்ஸை அணைக்கும் சுவிட்சும் வந்தன. 2023 கடைசியில் புதிய ஹிமாலயன் 450 வந்ததும் 411 விடைபெற்றது. முதன்முறை வாங்குபவர்கள் 2020-க்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது. அதற்கு முந்தையதுதான் கைக்கு அடக்கமாகக் கிடைக்கிறது என்றால், ஹேண்டில்பார் கழுத்தைச் சுற்றி ஃப்ரேமின் வெல்டிங் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலோ, மறு வெல்டிங் வைத்து மேலே பெயின்ட் அடித்த தடமோ தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மீது கடன் இருப்பதற்கான பதிவு) இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே முழுப் பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கர்நாடகப் பதிவு வண்டி விலை மலிவு என்று எடுப்பவர்கள், அந்த மாநிலத்து ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றையும் (என்.ஓ.சி.) இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

கோன் செட்டை விட்டுவிட்டு மற்றதை மாட்டுவது

இந்த வண்டியில் முதல் செலவு கோன் செட்டுக்குத்தான் இருக்க வேண்டும். ஹேண்டில்பார் கழுத்துக்குள் இருக்கும் இந்த பேரிங்தான் 21 அங்குல முன் சக்கரம் பள்ளத்தில் வாங்கும் அடியையெல்லாம் ஏந்துகிறது. போதாக்குறைக்கு வாட்டர் சர்வீஸில் கழுத்தை நோக்கி அடிக்கும் தண்ணீர் கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

சோதிப்பது எளிது, வாங்கப் போன இடத்திலேயே செய்யலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கம் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். இரண்டு விரலால் ஹேண்டில்பாரை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு குழியில் விழுந்தது போல லேசாக நின்று நகர்ந்தால் பேரிங் பாதையில் பள்ளம் விழுந்துவிட்டது. அடுத்து, ஃபோர்க்கின் அடிப்பாகத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் 'டொக்' என்று கையில் தெரிந்தால் லூஸ். பள்ளம் விழுந்ததை டைட் செய்து சரிக்கட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது டேப்பர் ரோலர் வகையைப் போடச் சொல்லுங்கள். குண்டு வகை பேரிங்கில் குண்டு ஒரு புள்ளியில் தாங்கும் சுமையை ரோலர் முழு நீளத்திலும் பரப்பித் தாங்குவதால் அதிக நாள் உழைக்கும். புதியது தன் இடத்தில் படிந்து அமர்வதால் 500 கிலோமீட்டரில் ஒருமுறை டைட் சரிபார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இதே கையோடு ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். 'டிங்' என்று வந்தால் சரி, மந்தமாக ஒலித்தால் லூஸ். பின் ரிம்மில் கோட்டம் இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். இன்ஜின் ஆயில் (15டபிள்யூ-50), ஃபில்டர், டாட் 4 பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர், டாப்பெட் (வால்வ்) இடைவெளி எல்லாவற்றையும் விற்பவர் என்ன சொன்னாலும் புதிதாகவே தொடங்குங்கள். டாப்பெட் சத்தமே இல்லாத வண்டியை நல்ல வண்டி என்று எண்ண வேண்டாம். இடைவெளி குறைந்துபோனாலும் சத்தம் இருக்காது, ஆனால் வால்வ் சரியாக மூடாமல் கருகும்.

லைட்டும் வயரிங்கும்

ஆல்டர்னேட்டர் தருவது 220 வாட் அளவில்தான். அதுவும் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலிங்கில் இன்னும் குறைவு. ஹெட்லைட் 55 முதல் 60 வாட் எடுக்கும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் அதை அணைக்கவும் முடியாது. பெட்ரோல் பம்பு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ., இக்னிஷன், டெயில் லைட், பேட்டரி சார்ஜ் போக மீதியில்தான் உங்கள் ஃபாக் லேம்ப் எரிய வேண்டும். தலா 40 வாட் கொண்ட ஜோடி ஒன்று தாங்கும். அதற்கு மேல் இன்னொரு ஜோடி, போன் சார்ஜர், ஹாரன் என்று அடுக்கினால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரவில் முதல் கியரில் ஏறி முடிப்பதற்குள் பேட்டரி இறங்கத் தொடங்கும்.

ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு போடுவது இன்னும் மோசம். ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், ரிஃப்ளெக்டர் மங்கும்.

ஃபாக் லேம்ப் ஜோடிக்கு 80 வாட் என்றால் சுமார் ஆறரை ஆம்பியர். பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ், அடுத்து ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த் நேராக பேட்டரி நெகட்டிவ்வுக்கு. ரிலேயைத் தூண்டும் வயரை மட்டும் சாவி போட்டால் கரன்ட் வரும் பார்க்கிங் லைட் வயரிலிருந்து எடுக்கலாம். சாவியை எடுத்ததும் லைட் தானாக அணைந்துவிடும். வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் ஒரே மழைக்காலத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். முந்தைய ஓனர் விட்டுப்போன இப்படிப்பட்ட இணைப்புகளை முழுக்கப் பிடுங்கிவிட்டு, சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டுத் தொடங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பின், அனைத்தையும் எரியவிட்டு 3000 ஆர்.பி.எம்.மில் பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 13-க்குக் கீழே வந்தால் ஏதாவது ஒன்றைக் கழற்றத்தான் வேண்டும்.

உயரத்தில் கைவைப்பது

சீட் உயரம் 800 மில்லிமீட்டர். கால் எட்டவில்லை என்று பின்பக்க சஸ்பென்ஷன் லிங்க்கை மட்டும் மாற்றி வண்டியை இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். வளைவில் திரும்ப மறுக்கும், சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே விழும். சீட் ஃபோமில் 20 மில்லிமீட்டர் செதுக்குவதும் தொடைப் பக்கத்தை ஒடுக்குவதும் இதைவிடப் பாதுகாப்பு.

ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போட்டால் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடும். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஆர்.பி.எம். தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது.

சுமை

பெட்டி நிறைய ஏற்றிவிட்டு ஷாக்கைத் தொடாமல் கிளம்புவது மிகப் பரவலான தவறு. பின்பக்கம் அமிழ்ந்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும், ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும், 80-க்கு மேல் ஹேண்டில் உதறும். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு முழுச் சுமையோடு, நீங்கள் ரைடிங் ஜாக்கெட், ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்த நிலையில் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அமிழ்ந்த அளவு. பின் சஸ்பென்ஷன் ஓட்டம் 180 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் சரி. கூடுதலாக அமிழ்ந்தால் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தை) ஏற்றுங்கள். கடைசிப் படியிலும் அடங்கவில்லை என்றால் மூட்டையைக் குறையுங்கள். பி.எஸ்.6 வண்டியே 199 கிலோ, இன்ஜின் சக்தியோ 24 குதிரைத்திறன் சொச்சம்தான். கனமான டூல்ஸைப் பின்னால் டாப் பாக்ஸில் போடாமல் டேங்க் ஓரமாகக் கட்டுங்கள்.

டயரில் அகலத்துக்கு ஆசைப்பட வேண்டாம். பின்னால் 120/90-17 போதும். 140 போட்டால் செயின் பக்கம் இடைவெளி போய்விடும், திரும்புவதும் மந்தமாகும். வால்பாறை, ஊட்டி என்று தார் ரோட்டிலேயே ஓட்டுபவர்களுக்கு பெரிய கட்டை போட்ட டயர் மழையில் பிடியைக் குறைக்கும்.

சைலன்சரை மாற்றி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் புகைச் சான்று கிடைப்பது சிரமம், பெட்ரோல் கலவையும் குலையும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

கடைசியாக, டியூப்லெஸ் பஞ்சர் கிட் மட்டும் எடுத்துக்கொண்டு மலையேறுபவர்கள் பலர். இந்த வண்டியின் ஸ்போக் சக்கரங்களில் இருப்பது டியூப். அந்தக் கிட்டால் ஒரு பயனும் இல்லை. 21-க்கு ஒன்று, 17-க்கு ஒன்று என இரண்டு டியூப், மூன்று டயர் லீவர், ஆக்சில் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், கைப்பம்பு. இடம் ஒன்றுக்குத்தான் என்றால் 21 அங்குல டியூபை எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு அதையே பின் டயருக்குள் மடித்து அடக்கி, மெதுவாக ஓட்டி அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம்.