உங்கள் நாய் ஒரு நாளில் எங்கெல்லாம் போகிறது?

ஹட்டன் டவுனில் ஒரு மிருக வைத்தியருக்கு உதவியாளராக இருக்கிறேன். நாயை நிறுப்பதும், டொக்டர் வருவதற்குள் நாலு கேள்வி கேட்டு வைப்பதும் என் வேலை. பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தோம் என்ற பதிலோடுதான் எல்லோரும் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: காலையில் அவிழ்த்து விட்டால் அது எங்கே போகும்?

மருந்து நாயின் உடம்பில் இருக்கும் புழுவைக் கொல்லும். நாய் படுக்கிற இடத்திலும் மோப்பம் பிடிக்கிற இடத்திலும் இருப்பதை அது ஒன்றும் செய்யாது. அதனால் ஒரு லீவு நாளில் நாயின் பின்னாலேயே நடந்து பாருங்கள்.

முதலில் மண். மழைக் காலத்தில் எங்கள் பக்கம் கடைகளின் பின்புறம், கான் ஓரம், மதில் நிழல் எல்லாம் காயவே காயாது. கொக்கிப்புழுவின் குஞ்சுகளுக்கு அப்படிப்பட்ட ஈர நிழல்தான் வேண்டும். நல்ல வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். அவை நாயின் பாதத் தோல் வழியாகவும் உள்ளே போகும். 1911இல் இலங்கையில் கிடைத்த புழுவை வைத்து விவரிக்கப்பட்ட அன்சைலோஸ்டோமா சிலானிகம் என்ற கொக்கிப்புழு, நாய் பூனையோடு நிற்காமல் மனிதக் குடலிலும் வளரும். பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் வாசலில் நாய் மலம் கிடக்கக் கூடாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

"அது வெளியிலயே போறதில்ல அக்கா, கட்டித்தான் வச்சிருக்கோம்" என்பார்கள். கட்டி வைத்த நாய்க்கு ஆபத்து குறைவு என்று நினைக்காதீர்கள். சங்கிலி எட்டும் அந்த வட்டத்துக்குள்ளேயே மலம் கழித்து, அங்கேயே படுத்து, தன் கால்களையே நக்கும். வட்டப்புழுவின் முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது, மண்ணில் முதிர இரண்டு வாரமாவது வேண்டும். கொக்கிப்புழுவுக்கு ஒரு வாரமே போதும். அப்படியென்றால் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தால் இரண்டும் முதிர்வதற்கு முன்பே முந்திக்கொள்ளலாம். கானுக்குள் தள்ளிவிட வேண்டாம், அது கீழ் வீட்டுக்காரரின் வாசலுக்குத்தான் போகும். சீமெந்துத் தரை என்றால் கழுவிவிட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். வட்டப்புழு முட்டைக்கு வழக்கமான கிருமிநாசினி போதாது. நுவரெலியாக் குளிரில் புழுவெல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. குளிரில் அந்த முட்டை முதிரத்தான் தாமதமாகும். ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அடுத்தது உண்ணி. எங்களிடம் வரும் நாய்களில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் பபேசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். நேற்றுவரை ஓடிய நாய் சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடந்தால் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, மூத்திரம் தேயிலைச் சாயம் போல இருந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரத்தத்தைச் சோதித்துத்தான் மருந்து முடிவாகும். சில நாய்களில் அந்த ஒட்டுண்ணி உடம்புக்குள்ளேயே தங்கி, உடம்பு தளரும்போது திரும்பவும் வரும்.

நாய் ஆடு மாடு மேயும் புல்லுக்குள் போகிறதா, கட்டாக்காலி நாய்களோடு படுக்கிறதா என்று கவனியுங்கள். காதுக்குள், கால் விரல்களுக்கு நடுவில், கழுத்துப் பட்டிக்குக் கீழே தினமும் விரல் விட்டுத் தடவுங்கள். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம். பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேலல்ல, சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும்தான் கழிக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இஸ்தோப்புச் சுவரின் வெடிப்புகளைப் பூசி அடைப்பதும் வைத்தியம்தான். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே எடுக்கும்; வீட்டில் பூனை இருந்தால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. இறைச்சிக் கடை வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் பச்சை ஈரலும் நுரையீரலும் வீசுவார்கள். அவற்றில் இருக்கும் கட்டிகள் வழியாக நாடாப்புழு வரலாம். நன்றாக அவித்துக் கொடுங்கள். வாலுக்குக் கீழே அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அநேகமாக அது தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் வரும் நாடாப்புழு. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்பவும் வரும்.

குட்டிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இழப்பதில் அதிகம் அவைதான். வட்டப்புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும், பால் வழியாகவும் போகும். வயிறு உப்பி இருந்தால் "நல்லா சாப்பிடுது" என்று சந்தோஷப்படுவார்கள், உள்ளே இருப்பது புழு. பிறந்து 2 வாரத்தில் தொடங்கி 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, அதற்கு மேல் 3 மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து. பால் கொடுக்கும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த அளவு உங்கள் குட்டிக்குப் பொருந்தாது.

வரும்போது அன்று காலை போட்ட மலத்தில் ஒரு கட்டைவிரல் அளவு, மூடியுள்ள சின்ன டப்பாவில் கொண்டு வாருங்கள். முதல் நாள் எடுத்து வெயிலில் வைத்தது உதவாது. நாய் போன இடங்களையும் ஒரு துண்டில் எழுதி வாருங்கள். டொக்டர் அதைத்தான் முதலில் வாசிப்பார்.