மட்டைச் சத்தம் பந்தின் தூரத்தைக் கூட்டுமா? கைப்பேசியில் செய்து பார்க்க ஒரு சோதனை

டென்னிஸில் பந்தை எதிர்கொள்பவர் அது தரையில் படும்வரை காத்திருப்பதில்லை. எதிராளியின் மட்டையில் பட்டவுடனேயே விழும் இடத்தை ஊகித்து நகரத் தொடங்கிவிடுகிறார். அந்த ஊகத்தில் காதுக்கும் பங்குண்டு என்பதை விளையாட்டு உளவியல் ஆய்வாளர் ரௌவன் கன்யால்-ப்ரூலண்டும் அவருடைய குழுவினரும் 2018-இல் காட்டினார்கள். காட்சியை அப்படியே வைத்து மட்டைச் சத்தத்தை மட்டும் கூட்டியபோது, பந்து இன்னும் தள்ளி விழும் என்று பார்த்தவர்கள் கணித்தார்கள். இதன் எளிய வடிவத்தை நீங்களும் செய்யலாம்.

படி 1: கைப்பேசியை பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் கடைசிக் கோட்டுக்கு) பின்னால் கண் உயரத்தில் அசையாமல் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து நண்பர் அடிப்பதைப் பதிவு செய்யுங்கள். வண்டிச் சத்தம் குறைந்த அதிகாலையே இதற்கு ஏற்றது.

படி 2: காணொளியை வெட்டுவதில்தான் நிதானம் வேண்டும். ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர், ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், மட்டைச் சத்தம் கைப்பேசியை எட்டச் சுமார் 0.07 வினாடி ஆகிறது. வினாடிக்கு 30 சட்டகங்கள் (frames) பதிவாகும் காணொளியில் இது இரண்டு சட்டகத் தாமதம். ஆகவே பந்து மட்டையில் படும் சட்டகத்திலேயே வெட்டினால் சத்தம் பதிவில் இருக்காது. ஆறேழு சட்டகங்கள் தள்ளி வெட்டி, அதன்பின் திரையைக் கறுப்பாக்குங்கள்.

படி 3: ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றில் ஒலியைக் குறைத்து, ஒன்றை உள்ளபடி விட்டு, மற்றதில் கூட்டுங்கள். சத்தம் கரகரத்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

படி 4: பிரதிகளை முறையின்றிக் கலைத்து, நோக்கத்தைச் சொல்லாமல், ஹெட்போன் மாட்டிய ஒருவருக்குக் காட்டுங்கள். காகிதத்தில் வரைந்த ஆடுகளப் படத்தில், பந்து விழும் என்று நினைக்கும் இடத்தில் அவர் புள்ளி வைக்கட்டும். இடையில் கைப்பேசியின் ஒலியளவைத் தொடக் கூடாது.

படி 5: வலையிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து, மூன்று ஒலியளவுகளுக்கும் தனித்தனியே சராசரி எடுங்கள். பக்கவாட்டு விலகலையும் வேறாகக் குறியுங்கள்: சத்தம் அடியின் வலுவைப் பற்றிய ஊகத்தை மட்டுமே மாற்றுகிறதென்றால், புள்ளிகள் முன்பின்னாக நகர வேண்டுமே தவிர இடவலமாக அல்ல.

விரும்பினால் இன்னொரு சுற்றில், பந்து மட்டையில் படும் நேரத்தில் இரைச்சல் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். உளவியலாளர்கள் ஸ்காட் சினெட்டும் ஆலன் கிங்ஸ்டோனும் 2010-இல் இப்படிச் செய்தபோது, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லப் பார்வையாளர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது, பிழைகளும் கூடின. அடிக்கும்போது உரக்க முனகும் ஆட்டக்காரர்கள் மீதான புகாரில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சுற்றில் புள்ளியின் தூரம் வேண்டாம். இடமா வலமா என்ற விடை எவ்வளவு விரைவாக வருகிறது, எத்தனை முறை தவறுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.