தேய்ந்த தாயக்கட்டைக்குக் கணக்குப் போடும்போது

பித்தளைத் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையையும் உள்ளங்கையில் உரசி உருட்டி, விழுந்ததைக் கூட்டுகிறோம். மொத்தம் ஒன்று வந்தால் தாயம். இரண்டுமே வெறுமை என்றால் பன்னிரண்டு. எல்லாப் பக்கமும் சமமாக விழும் கட்டையில் மொத்தம் 16 வழி, அதில் தாயத்துக்கு 2. நிகழ்தகவு 2/16, அதாவது 0.125.

தேய்ந்து ஒரு பக்கம் சாய்கிற கட்டைக்கும் அதே 16-ஆல் வகுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒவ்வொரு வழிக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் வழிகளை எண்ணி வகுக்கலாம். ஒரு கட்டையில் வெறுமை 0.1, ஒன்று 0.2, இரண்டு 0.3, மூன்று 0.4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டையும் இப்படியே இருந்தால், தாயம் 2 × 0.1 × 0.2 = 0.04. சமமான கட்டையின் 0.125-இல் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை! ஆறோ 0.4 × 0.4 = 0.16, சமமான கட்டையில் அது 0.0625தான்.

நான்கு விழும் கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்றும் மூன்றும் சேரும் வழி இரண்டு, ஏனென்றால் எந்தக் கட்டையில் எது என்பது மாறலாம். இரண்டும் இரண்டும் சேர ஒரே வழி. ஆக 0.08 + 0.08 + 0.09 = 0.25. முதல் ஜோடியை ஒரே தடவை எண்ணினால் 0.17 ஆகிவிடும், இரண்டு-இரண்டையும் இரட்டித்தால் 0.34.

சரி, ஒரு கட்டை மட்டும் தேய்ந்து மற்றது சமமாக இருந்தால்? இங்கே கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்கக் கூடாது. தேய்ந்தது வெறுமை, நல்லது ஒன்று: 0.1 × 0.25 = 0.025. தேய்ந்தது ஒன்று, நல்லது வெறுமை: 0.2 × 0.25 = 0.05. இரண்டும் வேறு வேறு எண்கள். தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் தாயம் 0.075.

அப்புறம், அந்த 0.1, 0.2 எல்லாம் எங்கிருந்து வந்தன? உருட்டி எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் ஒவ்வொரு கட்டையையும் தனியாக. 100 உருட்டலில் மூன்று 30 தடவை விழுந்தது என்பதற்காகக் கட்டை கோணல் என்று முடிவு கட்டாதீர்கள். சமமான கட்டையிலேயே 17 முதல் 33 வரை சாதாரணமாக வரும். வெல்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 12 பகடைகளை 26,306 முறை உருட்டிக் குறித்துவைத்தார். ஐந்தோ ஆறோ விழுந்தது 33.77 சதவீதம், சமமாக இருந்தால் 33.33 சதவீதம்தான் வந்திருக்கும். அவ்வளவு சின்னக் கோணல் கண்ணில் பட அத்தனை உருட்டல் தேவைப்பட்டது.

முடித்ததும் எல்லா விடைகளையும் கூட்டி 1 வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் தேய்ந்த கட்டையென்றால், ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக 0.04, 0.10, 0.20, 0.25, 0.24, 0.16. கூட்டினால் 0.99தான் வரும். மீதி 0.01 பன்னிரண்டுக்கு உரியது. வெறுமையும் வெறுமையும் கூட்டினால் பூஜ்யம் என்பதால் அதை எழுதவே விட்டுவிடுகிறோம்.