பாதிக் கட்டுமானத்தில் குளிர்காலம் வந்தால்: அஸ்திவாரத்தை உறைபனி தூக்காமல் காப்பது எப்படி?

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும் என்றாலும், அஸ்திவாரத்தை மேலே தூக்குவதற்கு அது மட்டும் காரணமன்று. உறைந்த மண்ணின் விளிம்பு, கீழேயுள்ள ஈரமண்ணிலிருந்து நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சிப் பனிக்கட்டி அடுக்குகளை வளர்த்துக்கொண்டே போகிறது. நீருக்குப் பதிலாக, உறையும்போது சுருங்கும் பென்சீன் என்ற திரவத்தைக் கொண்டே மண்ணை மேலெழச் செய்து, அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930ஆம் ஆண்டையொட்டி இதை மெய்ப்பித்தார். கடுங்குளிர், நுண்துகள் மிகுந்த மண், நீர் ஆகிய மூன்றில் ஒன்றை விலக்கினாலே போதும்.

முதலில் நீரை வெளியேற்றுங்கள். குழியைச் சுற்றி வடிகால் குழாய் பதித்து, கழுவிய ஜல்லியால் மூடுங்கள். தூசு கலந்த ஜல்லி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அந்தத் தூசே நீரை உறிஞ்சும்.

அடுத்த படிதான் பலரையும் ஏமாற்றுவது. நிலவறை உள்ள வீட்டில், வெளித்தரையிலிருந்து 2 மீட்டர் ஆழத்தில் அடிமானம் (சுவரைத் தாங்கும் அஸ்திவாரத்தின் அடிப்பட்டை) இருப்பதால் உறைபனி எட்டாது என்று நினைத்துவிடுகிறோம். கூரையும் வெப்பமூட்டலும் இல்லாத நிலையிலோ, குளிர்காற்று நிலவறைக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் அடிமானத்தின் அடிப்பகுதி சில அங்குல ஆழத்தில்தான் இருக்கிறது. எனவே உறைபனி ஆழத்தை வெளித்தரையிலிருந்து மட்டுமன்றி, குளிர்காற்று படும் ஒவ்வொரு பரப்பிலிருந்தும் அளக்க வேண்டும். முதல் கடுங்குளிருக்கு முன்பே, அடிமானத்தின் இருபுறத் தரையையும் வெப்பக்காப்புப் போர்வையால், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மூடிவிடுங்கள். வைக்கோலும் உதவும், ஆனால் நனைந்தால் பயனில்லை என்பதால் நான் போர்வையையே விரும்புகிறேன். நிலத்தடியில் நிரந்தரமாகப் பதிப்பதற்கு, நீரை மிகக் குறைவாக உறிஞ்சும் எக்ஸ்பிஎஸ் (பிதுக்கி வார்த்த பாலிஸ்டைரீன்) நுரைப்பலகையே என் தேர்வு.

உறைந்த மண்ணின்மேல் கான்கிரீட் ஊற்றவே கூடாது. ஊற்றும் நாளன்று மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். கம்பி இறங்க மறுத்தால், அந்த இடம் இளகும்வரை காத்திருங்கள். ஊற்றிய கான்கிரீட் குறைந்தது 3.5 மெகாபாஸ்கல் வலிமை பெறும்வரை உறையாமல் காக்க வேண்டும்.

பின்சேர்க்கை: அடிமானத்தின் அடியில் மண் உறையாதபோதும் சுவர் மேலெழுந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பக்கவாட்டில் நிரப்பிய ஈரமண் சுவரோடு ஒட்டி உறைந்து, மேலெழும்போது சுவரையும் இழுத்துச் செல்லக்கூடும். மேலே பாரம் ஏறாத வெறும் சுவருக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், சுவரையொட்டிக் கழுவிய ஜல்லியையே நிரப்புங்கள். உறைந்த மண்கட்டிகளைக் கொட்டினால், அவை இளகும்போது தரை அமிழ்ந்து மழைநீர் சுவரை நோக்கியே ஓடும்.