உங்கள் பங்கின் வரலாற்றை எழுதுவது எப்படி

நம் கத்தோலிக்கக் கோயிலுக்கு நூற்றாண்டு வந்தால் ஒரு மலர் அடிப்போம், திறந்தால் ஆசிச் செய்திகளும் பங்குத்தந்தையர் பட்டியலும்தான் பாதிப் புத்தகம். கல் மண் சுமந்தவர்கள், நவநாளுக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த அக்காமார் ஒருவரும் அதில் இருக்க மாட்டார்கள். மட்டக்களப்புப் பக்கத்துப் புளியந்தீவோ தாண்டவன்வெளியோ சொறிக்கல்முனையோ, சனங்களையும் சேர்த்து எழுதினால்தான் அது பங்கின் வரலாறு.

முதல் வேலை, பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டுப் பதிவேடுகளைப் பார்ப்பது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு மூன்றையும் பாருங்கள். பழையவை இலத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம், ஒரே வாய்ப்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். ஃபீலியுஸ் என்றால் மகன், ஃபீலியா மகள், பாத்ரினுஸ் ஞானத்தகப்பன், இப்படிப் பத்துச் சொல் பிடிபட்டால் பக்கம் பக்கமாகப் போகலாம். ஓரக்குறிப்பை விட்டுவிடாதீர்கள்: இங்கே திருமுழுக்குப் பெற்றவர் பிறகு எந்தக் கோயிலில் கலியாணம் முடித்தார் என்பது அந்த ஓரத்தில்தான் சின்ன எழுத்தில் கிடக்கும், குடும்பங்கள் எங்கிருந்து எங்கே போயின என்பது அதிலேயே தெரிந்துவிடும். கையெழுத்துப் போட்ட குருக்களையும் கவனியுங்கள். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி, 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் வரும் வரைக்கும் இந்தப் பகுதிப் பங்குகளைப் பார்த்தவர்கள் அமலமரித் தியாகிகள் (OMI) என்ற சபையின் குருக்கள்.

போனில் படம் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். புத்தகத்தை அமுக்கி விரிக்காதீர்கள், கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. தகப்பன் பெயர் இல்லாத பதிவு, தத்துப்பிள்ளை பற்றிய குறிப்பு இதெல்லாம் கண்ணில் படும். அவற்றை யாரிடமும் சொல்லவும் வேண்டாம், அச்சிடவும் வேண்டாம்.

சரி, அடுத்தது பெரியவர்கள். "எந்த வருசம் அம்மம்மா?" என்று கேட்டால் பதில் வராது. "சூறாவளிக்கு முன்னமா, பின்னமா?" என்று கேளுங்கள். 1978 நவம்பர் 23 இரவை அனுபவித்த யாரும் மறக்கவில்லை, ஓடு பறந்த கோயிலில் அடுத்த ஞாயிறு பூசை எப்படி நடந்தது என்பது வரைக்கும் தானாக வரும். குரு நமக்கு முதுகு காட்டி இலத்தீனில் பூசை வைத்த காலமா, போயா நாளை லீவாக்கி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகவேண்டியிருந்த 1966 - 1971 காலமா, சுனாமிக்குப் பிறகா என்று கேட்டால் காலம் பிடிபடும். அப்புறம் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் முட்டினால் இரண்டையும் எழுதுங்கள்.

ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கு நடந்து போன கதையைக் கட்டாயம் கேட்க வேண்டும். யார் சமைத்தார், எங்கே படுத்தார்கள், சைவச் சனங்கள் யார் கூட வந்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் போர்த்துக்கீசம் பேசின பறங்கியக் குடும்பங்கள் உங்கள் பங்கில் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள், அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

1960 - 61இல் அரசு பாடசாலைகளை எடுத்துக்கொண்டதால், பங்குப் பள்ளிக்கூடத்தின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகம் இப்போது அதிபரின் அலுமாரியில் இருக்கலாம். மணிக்கூண்டில் ஏறி மணியையும் பாருங்கள், வார்த்த ஆண்டும் கொடுத்தவர் பெயரும் பல மணிகளில் பொறித்திருக்கும். எழுத்துத் தேய்ந்திருந்தால் மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழும்பி வரும்.

யுத்த காலத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 1988 ஜூனில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார், 1990 ஆகஸ்ட் 15இல் இயூஜின் ஹேபெர்ட் அடிகளார் காணாமல் போனார். அவர்களைப் பற்றி ஏற்கனவே எழுதியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் பெயர் போடலாமா என்று வீட்டாரைக் கேட்டுவிட்டே போடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் பிரதியைக் கோயில் வாசலில் இரண்டு ஞாயிறு பென்சிலோடு கட்டித் தொங்கவிடுங்கள், பிழைகளைச் சனங்களே திருத்துவார்கள். முடிந்ததும் ஒரு பிரதி ஆயர் இல்லத்துக்கு, இன்னொன்று ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' நிறுவனத்துக்கு.