சீபாப் மெஷின் போட்ட பிறகு குரல் கம்முகிறதா? எங்கே தேட வேண்டும்

தூக்கத்தில் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் சீபாப் மெஷின் வந்து குறட்டை நின்றதில் என் மனைவிக்கு நிம்மதி, ஆனால் இரண்டே மாதத்தில் என் குரலும் போய்விட்டது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து அன்னதானம் அறிவிக்கிறவன் நான், அந்த வருடம் "பக்த கோடிகளே" என்று ஆரம்பித்ததும் தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, பின்னால் நின்ற பையன்கள் சிரித்தே விட்டார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மட்டும் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற நோய்க்கு இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் ஐந்து பேர் இருக்கிறோம், எல்லோரும் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபின் தொழிலாளர் லயத்தை விட்டு வந்த குடும்பங்கள். ஐந்து பேருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் குரல் கம்மியது. ஐந்து பேரும் மெஷினைத்தான் திட்டினோம், ஆனால் விசாரித்துப் பார்த்தால் இரண்டு பேருக்குத்தான் மெஷின் காரணம்.

முதலில் ஒன்று. குரல் கம்முகிறது என்று மெஷினை மூலையில் தூக்கி வைக்காதீர்கள். மூச்சு நின்று நின்று வந்தால் இரத்த அழுத்தம் ஏறும், பகலில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதே கண் சொருகும், அதோடு இரவு முழுக்க விடும் குறட்டையே தொண்டையை அதிரவைத்துப் புண்ணாக்கும். நிறுத்தினால் குரல் தேறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

காரணம் தேட, கைப்பேசி போதும். ஒரு வாரத்துக்குத் தினம் மூன்று வேளை, எழுந்தவுடன், மதியம், இரவு படுக்கும் முன், ஒன்று முதல் இருபது வரை எண்ணிப் பதிவு செய்யுங்கள், கடைசியில் ஒரே மூச்சில் "ஆ" என்று இழுங்கள். அப்புறம் உட்கார்ந்து கேளுங்கள். காலையில் மோசமாக இருந்து பசியாறி முடிக்கும்போது தெளிந்துவிடுகிறதென்றால் இரவில் ஏதோ நடக்கிறது: காய்ந்துபோவது, அல்லது வயிற்றுப் புளிப்பு மேலே வருவது. காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் கம்முகிறதென்றால் பகலில் குரலை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். ஆசிரியர்கள், சந்தையில் கூவி விற்பவர்கள், பஜனை பாடுகிறவர்கள், இவர்களுக்குக் குரல்நாணில் சின்ன முடிச்சு வருவது உண்டு. நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது, வாரத்துக்கு வாரம் மோசமாகிறது என்றால் இதைத் தாண்டி, கடைசியில் டாக்டரைப் பற்றி எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

சரி, காய்ந்துபோவதைப் பார்ப்போம், ஏனென்றால் நம் ஊரில் யாரும் இதை நம்புவதில்லை. "இங்கேதான் சட்டை காயவே இரண்டு நாள் ஆகிறது, இதில் தொண்டை எப்படிக் காயும்?" என்று என்னிடமே ஒரு அண்ணன் கேட்டார். விஷயம் வெளிக் காற்றில் இல்லை. சாதாரணமாக மூச்சு உள்ளே போகும்போது மூக்கு அதைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிறது, வெளியே வரும்போது அந்த ஈரத்தில் ஒரு பங்கை மூக்கே திரும்ப எடுத்துக்கொள்கிறது. மெஷின் மூக்கு வழியாகக் காற்றை அழுத்தும்போது தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால் காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக ஓடிவிடும், திரும்பி வருவதே இல்லை. ஒரே பக்கமாக ஓடும் வாய்க்கால் மாதிரி. மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் திரும்பக் கிடைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கின் உட்பக்கம் வீங்கி அடைத்துக்கொள்கிறது, மூக்கு அடைத்ததும் வாய் இன்னும் பெரிதாகத் திறக்கிறது. விடிவதற்குள் தொண்டை காய்ந்த பால்மரப் பட்டை மாதிரி ஆகிவிடும். இதோடு ஏர்கோனை (ஏசியை) 18-இல் வைத்துப் படுப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், அது அறையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது.

வாய் திறக்கிறதா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், என் மனைவி ஒரே இரவில் சொல்லிவிட்டாள், அவளுக்கு முகத்தில் காற்று அடித்ததாம். தனியாகப் படுப்பவர்கள் காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கிறதா, தலையணை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பல மெஷின்களில் திரையிலேயே கசிவு தெரியும், ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகக் கசிவு என்று கணக்கு. மாஸ்க்கின் ஓரத்தில் கசிந்தாலும் இந்த எண் ஏறும், அதையும் பாருங்கள். சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கும் ஐயப்ப சாமிகளுக்கு இது எளிதில் நடக்கும், விரதம் முடியும் வரை மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் கேட்டுப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக விட்டுப் போடுகிறவர்கள் நிறையப் பேர், அதை நிரப்பிச் சூட்டை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள், ஒரு படிக்கு இரண்டு மூன்று இரவு கொடுங்கள். குழாயில் நீர் கோத்து முகத்தில் சொட்டினால் அறை ரொம்பக் குளிர்கிறது என்று அர்த்தம், ஏர்கோனின் குளிரைக் குறையுங்கள், அல்லது குழாய்க்குத் துணியுறை போடுங்கள், சூடாகும் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும், தினமும் மாற்ற வேண்டும், கார் பேட்டரிக்கு ஊற்றுவது வேண்டாம். காயு பூத்தே தைலம், யூகலிப்டஸ் தைலம் எதையும் தொட்டியில் விடாதீர்கள். நம் ஆட்களுக்குத் தைலம் என்றால் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும், ஆனால் அந்த எண்ணெய் ஆவி நேராக நுரையீரலுக்குப் போகிறது. மூக்கடைப்புக்கு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் கலந்த உப்புநீரால் படுக்கும் முன் மூக்கைக் கழுவலாம். அதன் பிறகும் வாய் திறந்தால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறிப் பார்க்க வேண்டும். வாயை டேப் போட்டு ஒட்டுவதை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மூக்கு அடைத்து வாந்தியும் வந்தால் என்ன செய்வீர்கள்?

அழுத்தத்தை நீங்களாகத் திருகாதீர்கள். 4 முதல் 20 வரை உள்ள அந்த எண்ணை உங்கள் தூக்கப் பரிசோதனையைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதிகம் என்று தோன்றினால் அவர்களிடமே சொல்லுங்கள்.

அடுத்தது வயிறு. சாயங்கால ஷிப்ட் முடிந்து இரவு பத்தரை மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய், மேலே தே தாரிக், பதினொன்றரைக்கு மாஸ்க், இதுதான் நம் வழக்கம். புளிப்பு தொண்டை வரை ஏறினால் நெஞ்செரிச்சலே இல்லாமல்கூடக் குரல் கம்மும், காலையில் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி செருமிக்கொண்டே இருப்பீர்கள். மெஷின் காற்றை விழுங்கிவிடுகிறவர்களுக்கு வயிறு உப்பி ஏப்பம் வரும், அந்த ஏப்பத்தோடு புளிப்பும் வரலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்குவது போதாது, இடுப்பில் மடங்கி வயிறு இன்னும் அழுந்தும்.

மருந்துப் பையையும் கொட்டிப் பாருங்கள். பெரிண்டோபிரில், எனலாபிரில் மாதிரி இரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், இருமி இருமியே குரல் போகும். சளி, அரிப்புக்குப் போடும் சில மாத்திரைகள் தொண்டையைக் காயவைக்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பம்ப் இழுப்பவர்களுக்குக் குரல் கம்முவது சகஜம், வாயில் வெள்ளைப் பூஞ்சையும் படியும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு மாதம் மெஷினைக் குறை சொன்னார், கடைசியில் பம்ப் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பாததுதான் காரணம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள்.

தைராய்டு குறைவதையும் மறக்காதீர்கள். உடம்பு பருக்கும், குரல் தடிக்கும், மலச்சிக்கல், சோர்வு எல்லாம் சேரும், தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கும் அது ஒரு காரணம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சிகரெட், வெற்றிலைப் புகையிலை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புகைமூட்டம் வரும் மாதங்களில் மெஷினின் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள், சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள். பழைய மெஷினை இணையத்தில் மலிவாக வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது, உள்ளே சத்தத்தை அடக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சுக் குழாய்க்குள் போகலாம் என்பதால். ஓசோன் வைத்துச் சுத்தம் செய்தால் அது இன்னும் சீக்கிரம் கெடலாம். குழாயில் கறுப்புத் துகள் தெரிந்தால் தொடர் எண்ணைச் சரிபார்த்து, டாக்டரிடமும் பேசுங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது குரலுக்கு ஓய்வு கொடுங்கள், ஆனால் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு இல்லை, அது குரல்நாணை இன்னும் இறுக்கும். சுக்குக் காப்பி குடிக்கலாம், பனங்கற்கண்டு போடுவதாக இருந்தால் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டாக்டர் விஷயம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் தேறாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே பார்த்தே ஆக வேண்டும், புகைப்பவராக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். எச்சிலில் இரத்தம், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வாரம் காத்திருக்கவே வேண்டாம். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொண்டைப் புற்று, நுரையீரல் கட்டி நரம்பை அழுத்துவது, காசநோய், இவையெல்லாம் சிலருக்கு முதலில் வெறும் கம்மலாகவே தெரியலாம். பார்ப்பது பெரிய வேலை இல்லை, மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து நூடுல்ஸ் தடிமனில் ஒரு குழாயை விடுவார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான், நமக்கு ஈப்போ போக வேண்டியிருக்கும். போகும்போது மெஷினின் மெமரி கார்டு, மாத்திரை அட்டைகள், பம்ப், கைப்பேசியில் அந்த ஒரு வாரப் பதிவு, நான்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும்போது "ரொம்ப நாளா" என்று சொல்லாமல் எத்தனை வாரம் என்று எண்ணிச் சொல்லுங்கள்.